நீ எனக்கென்று ஒதுக்கிய மெரூன் கார்டு

இன்று காலை ஆபீசில் அந்தப் பெரிய கம்ப்யூட்டரின், நம் பொர்தாவின், பக்கக் கதவைக் கழற்றினேன். சூடேறிய தூசியின் வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. அதோடு நெயில் பாலிஷ் வாசனையும் வந்ததாக எனக்குத் தோன்றியது. காய்ந்து வருஷக்கணக்கான நெயில் பாலிஷ் எங்கே வாசனை அடிக்கும்? மூக்குக்கும் புத்தி கெட்டுவிட்டது, விடு. உள்ளே நான்கு கிராபிக்ஸ் கார்டுகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் நீ வைத்த பொட்டு. பச்சை, ரோஸ், மெரூன், நீலம். பொட்டு வைத்த கை போய் ஒரு வருஷமாகிறது, பொட்டுகள் அப்படியே பளபளவென்று இருக்கின்றன.

உன்மேல் எனக்கு நிறையக் கோபம் இருக்கிறது. அதைச் சொல்ல வேறு ஆள் கிடையாது என்பதால் உனக்கே எழுதுகிறேன். நேற்று முதலாளி அஞ்சன்தா என்னைக் கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்திருக்கும் நிவேதாவை என் மெரூன் கார்டில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அவருடைய வங்காளிப் பேச்சை உனக்கு இன்றும் நான்தான் தமிழாக்க வேண்டியிருக்கிறது, கேள். "கார்டு நாலு, ஆளுங்களும் பெரிய திரையும் சேர்த்தா அஞ்சு. உன்னோடதுல அந்தப் பொண்ணையும் போட்டுடு. ரெண்டு பேரும் தமிழ்தானே?" என்றார். தமிழ் என்றால்? ஒரே தட்டில் சாப்பிட வேண்டுமா? நீ எனக்கென்று கொடுத்துவிட்டுப் போன ஒரே பொருள் அது. அதையும் பங்கு போடு என்கிறார்கள்.

"யோசிச்சுச் சொல்றேன் அஞ்சன்தா" என்று வந்துவிட்டேன். ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை.

பொர்தா என்று, அதாவது பெரியண்ணன் என்று, அந்த மெஷினுக்குப் பெயர் வைத்தவளே நீதான். நீ வரும்வரை எங்களுக்கு அது வெறும் பெட்டி. பாலிகஞ்சில் அந்தப் பழைய வீட்டின் மூன்றாவது மாடியில், நமக்கெல்லாம் ஃபேன், அதற்கு மட்டும் ஏசி. பூஜைப் பந்தல் எழும்புவதற்கு முன்பே அது எப்படி இருக்கும், விளக்கு போட்டால் எப்படி ஜொலிக்கும் என்று கம்ப்யூட்டரில் படமாக்கிக் கமிட்டிக்காரர்களிடம் காட்டுகிற பிழைப்பு நம்முடையது. நம் மேசைகளிலிருந்து வேலையை அனுப்புவோம், பெட்டி அதைப் படமாக வரைந்து தரும். நான்கு கார்டு போட்டும் அது நத்தைதான். கூட வேலை பார்க்கும் மௌவும் நானும் "இப்ப யார் ஓட்டிட்டிருக்கீங்க?" என்று ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நாளை ஓட்டினோம்.

நீ வந்த முதல் வாரமே எழுந்து நின்று சொன்னாய். "நாலு கார்டு இருக்குல்லா. ஆனா எல்லாரும் மொதக் கார்டு தலையிலயே ஏறி உக்காந்திருக்கிய. மத்த மூணும் சும்மா கெடக்கு." அதை நான்தான் வங்காளியில் எல்லோருக்கும் மொழிபெயர்த்தேன் என்பதை மறந்துவிடாதே. எந்தக் கார்டுக்குப் போ என்று நாம் சொல்லாவிட்டால் எல்லாப் புரோகிராமும் முதல் கார்டிலேயே போய் விழும். அந்தப் பெட்டி அதுவரை என் பொறுப்பில் இருந்தது. அஞ்சன்தா சிரித்துக்கொண்டே, "அப்படின்னா இத்தனை வருஷமா நாம என்ன பண்ணிட்டிருந்தோம்?" என்று கேட்டார். அந்த 'நாம' நான்தான். அன்றைக்கே தீர்மானித்தேன், இனி அந்தப் பெட்டிப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்க மாட்டேன் என்று. நேற்றுவரை அந்த வைராக்கியத்தைக் காப்பாற்றினேன். உனக்கே தெரியும்.

நான் இந்த ஊரில் பிறந்தவள். அப்பா மத்திய அரசு உத்தியோகத்தில் மாற்றலாகி வந்து, திரும்பிப் போகாமலே தங்கிவிட்டவர். என் வங்காளியைக் கேட்டால் மீன்காரர்கூட என்னை வெளியாள் என்று நினைக்க மாட்டார். நீயோ உன் வீட்டுக்காரரின் மாற்றலோடு கோவில்பட்டியிலிருந்து வந்து இறங்கியவள். "ஜல்", "பாலோ", "கொத்தோ" என்ற மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு கல்கத்தா முழுவதையும் வளைத்துப்போட்டாய். தண்ணீர், நல்லது, எவ்வளவு. அது போதுமாக இருந்தது உனக்கு. மௌ என்னோடு எத்தனையோ பூஜைகளைப் பார்த்தவள். என்னை இன்றுவரை 'ஆப்னி' என்று மரியாதையாக 'நீங்கள்' போட்டுத்தான் பேசுகிறாள். உன்னை மூன்றாம் வாரமே 'துமி' என்று 'நீ' போட்டுக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். மரியாதை எனக்கு, நெருக்கம் உனக்கு. யாருக்கு வேண்டும் இந்த மரியாதை?

அந்தப் பெரிய திரைக் கூத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. கமிட்டிச் செயலாளர், நரைத்த தலை, வெள்ளை வேட்டி, கூடவே ஆறேழு பேர். டீயும் சிங்காடா சமோசாவும் கொடுத்து உட்கார வைத்து, பெரிய திரையில் பந்தலைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார் அஞ்சன்தா. சரியாகத் தேவியின் முகம் வருகிற நேரம், திரை அப்படியே உறைந்துபோனது. பாதி முகம், ஒரு கண், அவ்வளவுதான். உன் மேசையிலிருந்து நீ அனுப்பிய வேலை, திரை ஓடிக்கொண்டிருந்த கார்டிலேயே போய் உட்கார்ந்துவிட்டது. நீ இரண்டாம் எண் என்று நினைத்து அனுப்பினாய். ஆனால் கார்டுகளைக் காட்டும் பட்டியல் அவை செருகியிருக்கும் வரிசையில் எண்ணுகிறது. வேலை செய்கிற புரோகிராமோ எது வேகமானதோ அதை முதலில் வைத்து எண்ணுகிறது. ஒரே வீட்டுப் பிள்ளைகளை அப்பா ஒரு வரிசையிலும் அம்மா ஒரு வரிசையிலும் கூப்பிடுகிற கதை.

அதை நான் செய்திருந்தால் என்னைத் தின்று ஏப்பம் விட்டிருப்பார்கள். நீ என்ன செய்தாய்? செயலாளரைப் பார்த்துச் சிரித்து, "மா ஷாஜ்சே, தாராவ்" என்றாய். அம்மா அலங்காரம் பண்ணிக்கொண்டிருக்கிறாள், நில்லு. அவ்வளவு பெரிய மனிதரைப் பார்த்து நில்லு! அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். போகும்போது உன் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் வேறு. நான் ஓரமாக நின்று காலி டீக் குவளைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நீ கைப்பையிலிருந்து நெயில் பாலிஷ் புட்டிகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாய். "நம்பரு மாறும் ஏட்டி. கார்டுக்குப் பொறக்கும்போதே ஒரு அடையாளம் உண்டு, அது மாறாது. அதை வச்சுத்தான் இனி எழுதப் போறேன். நம்ம கண்ணுக்குக் கலரு." ஒரு கார்டுக்கு வேலை கொடுத்துவிட்டு, திறந்த பெட்டியில், தோசைக்கல் காய்ந்ததா என்று பார்க்கிற மாதிரி உள்ளங்கையை மேலே காட்டினாய். எது சூடாகிறதோ அதில் ஒரு பொட்டு. பிறகு எங்கள் ஒவ்வொருவர் திரையிலும் அந்த நிறத்தில் ஓர் ஐகான். அதை அழுத்தினால் புரோகிராம் அந்த ஒரு கார்டை மட்டும்தான் பார்க்கும். மற்றவை இருப்பதே அதற்குத் தெரியாது. எல்லாவற்றிலும் வேகமான புதுக் கார்டு பச்சை, அது பெரிய திரைக்கு. அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்றாய். நீலம் அஞ்சன்தாவுக்கு. ரோஸ் மௌவுக்கு. மெரூன் எனக்கு. உன் திரையில் மட்டும் மஞ்சள் ஐகான்.

"உனக்கு எது?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன, எங்கயாச்சும் ஒண்டிக்கிட்டுப் போறேன்" என்றாய். திரைக்கான பச்சைக் கார்டு பாதி நாள் சும்மாதான் கிடக்கும். அதில் யாருக்கும் தெரியாமல் ஒண்டிக்கொள்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். ஊருக்கு உபதேசம், தனக்கு நல்ல கார்டு என்றும் நினைத்தேன். நினைத்ததை மறைத்து என்ன ஆகப் போகிறது?

மற்றவர்கள் கீழே டீ குடிக்கப் போனபோது என் காதருகே குனிந்து நீ சொன்ன வார்த்தையைத்தான் நான் இத்தனை காலம் நெஞ்சில் கட்டிக்கொண்டு திரிந்தேன். "மத்த மூணுல மெரூன்தான் நல்ல கார்டு. காத்து படற எடம். யார்ட்டயும் சொல்லிராத." எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. அன்று லேக் மார்க்கெட்டில் இறங்கி நடந்தபோது கறிவேப்பிலைக்காரியிடம்கூடப் பேரம் பேசவில்லை.

நல்ல கார்டாம், நல்ல கார்டு! மதியத்துக்கு மேல் அது இழுக்கிற இழுவை எனக்கல்லவா தெரியும். மௌவின் வேலை முடிந்து அவள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருப்பாள். என்னுடையது பாதியில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். "என்னடி இது, நல்ல கார்டுன்னே?" என்று உன்னை முறைப்பேன். நீ திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "வெயிலுல்லா ஏட்டி. மொட்டை மாடிச் சூடு. பெட்டி தாங்கல" என்பாய். ஏசி கிழடு என்பதால் நம்பினேன். டிசம்பரிலும் "வெயிலு" என்றாய். அப்போதும் நம்பினேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு கொள்ளை. என் டிபன் பாக்ஸை நான் திறப்பதற்குள் உன் கை உள்ளே இருக்கும். கேட்க மாட்டாய். வேண்டுமா என்று நான் சொல்வதற்கும் காத்திருக்க மாட்டாய். உருளைக்கிழங்கு ரோஸ்டில் மொறுமொறுவென்று இருக்கிற துண்டாகப் பொறுக்கிக்கொண்டு, "உப்பு ஒரு கல்லு கொறையுது" என்று குறை வேறு. மௌ தன் லுச்சிப் பூரியை நீட்டினால் மட்டும் "நா நா" என்று மறுத்து, கையெடுத்துக் கும்பிட்டு, அவள் இரண்டு தரம் வற்புறுத்திய பிறகு ஓரத்தில் கிள்ளி எடுப்பாய். அவளிடம் அவ்வளவு நாசூக்கு, என் டப்பா என்றால் திறந்த வீடு. அதற்கும் நான் மனதுக்குள் பொருமியிருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை லேக் மார்க்கெட்டில் உங்கள் இருவரையும் பார்த்தேனே, அதை மறந்துவிட்டாயா? நான் மறக்கவில்லை. சின்ன வெங்காயம் வாங்கிக்கொண்டு திரும்புகிறேன், தோசைக் கடை வாசலில் நீயும் மௌவும். நீ அவள் தலையில் மல்லிகைச் சரத்தை வைத்து ஹேர்பின் குத்திக்கொண்டிருந்தாய். என் கடைத்தெருவில்! சின்ன வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நான் முறுக்கு வாங்கின தெருவில்! எனக்கு ஒரு நாளாவது பூ வைத்திருக்கிறாயா நீ?

"ஏ கல்கத்தாக்காரி, வா வா, தோச சாப்பிடுவோம்" என்று கூப்பிட்டாய்.

"நான் சாப்ட்டாச்சு. நீங்க ரெண்டு பேரும் நல்லா சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, பசியோடு ஆட்டோ ஏறினேன். திங்கட்கிழமை உன்னோடு பேசவில்லை. செவ்வாயும் பேசவில்லை. நீ சமாதானத்துக்கு ஒரு வார்த்தை சொல்வாய் என்று காத்திருந்தால், நேரே வந்து என் டப்பாவைத் திறந்து ஒரு கை அள்ளி வாயில் போட்டு, "புளியோதரைல கடல கம்மி" என்றாய். சிரித்துத் தொலைத்தேன். எனக்குச் சிரிக்க இஷ்டமே இல்லை.

போன வருஷம் மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். கல்கத்தாவில் மழைக்காலத்தில் யாருக்குத்தான் டெங்கு வரவில்லை, வந்துவிட்டுப் போகும் என்று நானும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோது உதடு காய்ந்து கிடந்தது. அப்போதும், "கோபுரத்துக்கு லைட்டு பாக்கி இருக்கு, அதை நீ பாத்துக்கோ" என்றாய். டாக்குரியாவில் ஒரு கிளப்புக்காக நீ செய்துகொண்டிருந்த கோபுரப் பந்தல் அது. கலசத்தை ஆறாக வைக்கச் சொல்லி அவர்கள் அடம் பிடித்ததும், இரட்டைப்படையில் கலசம் வைத்தால் ஊரே சிரிக்கும் என்று நீயும் நானும் சேர்ந்து சண்டை போட்டு ஏழாக்கியதும்! அந்தச் சண்டையில் மட்டும்தான் நாம் இருவரும் ஒரே கட்சி. நீ வந்து முடிப்பாய் என்று நினைத்து அதை நான் தொடவில்லை. மறு வாரம் நீ இல்லை. கிளப்பும் வேறு டிசைனுக்குப் போய்விட்டது.

பதினாறாம் நாள் டாக்குரியாவில் உன் வீட்டுக்கு எல்லோரும் வந்திருந்தோம். ஆபீஸ் கூட்டம் முழுக்க ரஜனிகந்தாப் பூவோடு தரையில் உட்கார்ந்திருந்தது. உன் வீட்டுக்காரர் யாரைப் பார்த்தாலும் "சாப்பிட்டீங்களா" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். மௌ அழுது அழுது மூக்கு சிவந்து, திடீரென்று வாயைத் திறந்தாள். "அக்கா எனக்குன்னு நல்ல கார்டா பாத்துக் கொடுத்தாங்க. ரோஸ்தான் நல்லது, யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க. நான் சொல்லவே இல்ல."

அஞ்சன்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் அதையேதான் சொன்னா. நீலம்தான் நல்லதுன்னு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, அழுகைக்கு நடுவே சிரித்தார்கள். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நானும் ஏதாவது சொல்வேன் என்று. நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

நீ முன்பு ஒருமுறை சொன்னது உன் சமையலறையில் நிற்கும்போது ஞாபகம் வந்தது. "எந்தக் கார்டைக் காட்டுனாலும் அந்தப் புரோகிராம் அதைப் பூஜ்யம்னுதான் எண்ணும். இதுதான் மொதக் கார்டுன்னு நெனச்சுக்கும். உள்ள போய்ப் பாத்தா எல்லாருக்கும் அவங்க கார்டுதான் மொதக் கார்டு. அப்பத்தான் சண்ட இல்லாம வேல நடக்கும்." மெஷினைப் பற்றிப் பேசுகிறாய் என்று நினைத்தேன். எங்களையும் அப்படித்தான் ஓட்டியிருக்கிறாய். ஒவ்வொருத்தருக்கும் உன் ஒரு பக்கத்தை மட்டும் காட்டி, நீதான் முதல், நீதான் முதல் என்று! டாக்குரியாவிலிருந்து வீடுவரை ஆட்டோவில் நான் அழுதேன். செத்துப்போனவளுக்காக அழுகிறாள் என்று ஆட்டோக்காரர் நினைத்திருப்பார். பாதி அழுகை பொறாமையில் வந்தது. மௌவிடம் சொன்னதையே என்னிடமும் சொல்ல உனக்கு எப்படி மனம் வந்தது?

அதன் பிறகும் மெரூன் ஐகானை விட எனக்கு மனம் வரவில்லை. பொய்யோ நிஜமோ, நீ கொடுத்தது. இன்னொரு விசித்திரம், நீ போன மாதத்திலிருந்து அது பறக்க ஆரம்பித்தது. மதியத்திலும் இழுவை இல்லை. ஏசியை மாற்றியிருந்தார்கள், அதனால்தான் என்று நினைத்தேன். நேரம் பார்த்து ஏசி வாங்கினார்களே, நீ இருந்தபோது வாங்கியிருந்தால் எத்தனை சண்டை மிச்சம் என்றும் நினைத்தேன்.

இப்போது நிவேதா வந்திருக்கிறாள். ஈரோட்டுப் பெண், சின்னவள், வேலை தெரிந்தவள், என்னை "அக்கா" என்கிறாள். குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுவே எரிச்சல். உன் நாற்காலி, உன் கம்ப்யூட்டர், இனி என் கார்டிலும் பாதி. அதனால்தான் இன்று காலை எல்லோருக்கும் முன்னால் ஆபீசுக்கு வந்து, வைராக்கியத்தை விட்டு, பெட்டியைத் திறந்தேன். கார்டு ஒதுக்கீட்டை மாற்றத் தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான். மற்றவர்களுடையதில் எங்கேயாவது இடம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்தப் பெண்ணை அங்கே தள்ளிவிடுவது என் திட்டம்.

நான் தரையில் உட்கார்ந்து பொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிவேதா வந்துவிட்டாள். உன் கம்ப்யூட்டரைத் திறந்து, "அக்கா, இங்க ஒரு மஞ்சள் ஐகான் கெடக்குதுங்க. வேண்டாம்னா அழிச்சுடட்டுங்களா?" என்றாள்.

"தொடாதே!" என்று கத்தினேன். பாவம், கையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு எனக்கே ஒன்று தோன்றியது. உன் மஞ்சள் சும்மா கிடக்கிற பச்சையில்தானே ஒண்டிக்கொண்டிருந்தது? அந்த இடத்தை நிவேதாவுக்குக் கொடுத்துவிட்டால் என் மெரூன் தப்பித்தது. "சரி, அதை அமுக்கு. ஏதாவது ஒரு வேலையைக் கொடு" என்றேன்.

"கோபுரம்னு ஒண்ணு இருக்குதுங்க அக்கா. அதையே ஓட்டட்டுங்களா?"

"ஓட்டு" என்றேன்.

உள்ளங்கையைப் பச்சைக் கார்டுக்கு மேலே காட்டினேன், நீ காட்டின மாதிரியே. குளிர்ந்து கிடந்தது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. நீலத்தின் மேல் காட்டினேன், இல்லை. ரோஸின் மேல் காட்டினேன். அங்கே இருக்க வேண்டும் என்று பயந்துதான் காட்டினேன். அதுவும் ஜில்லென்று இருந்தது. மெரூனுக்குக் கையைக் கொண்டுபோவதற்கு முன்பே சூடு வந்து என் விரலில் பட்டது.

நிறுத்தச் சொன்னேன். ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். மறுபடியும் ஓட்டச் சொன்னேன். மறுபடியும் மெரூன்தான்.

முதலில் எனக்கு வந்த வார்த்தை என்ன தெரியுமா? திருடி! சத்தமாகவே சொல்லிவிட்டேன், நிவேதா திடுக்கிட்டுத் திரும்பினாள். இத்தனை வருஷமாக என் கார்டிலேயே உட்கார்ந்து, பாதியைத் தின்றுவிட்டு, வெயிலாம் வெயில்! மௌவுக்கு முழுக் கார்டு, முதலாளிக்கு முழுக் கார்டு, என்னிடம் மட்டும் கேட்காமல் கொள்ளாமல் உள்ளே நுழைந்து! திட்டிக்கொண்டே இருக்கும்போது என் டிபன் பாக்ஸ் ஞாபகம் வந்தது. கேட்காமல் கொள்ளாமல் உள்ளே வருகிற உன் கை ஞாபகம் வந்தது. மௌவின் லுச்சிக்கு இரண்டு தரம் கும்பிடு போடுகிறவள், அவள் கார்டில் ஒண்டுவாயா? அஞ்சன்தாவின் கார்டில் ஒண்டுவாயா? எங்கயாச்சும் என்றாயே. ஒண்டுவதற்கு இந்த ஊரில் உனக்கு இருந்த இடமே இதுதானா?

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றும் யோசித்தேன். சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேனா? "ஏன், மௌ கார்டுக்கு என்ன கேடு, அங்க போ" என்றுதான் சொல்லியிருப்பேன். என்னை நீ நன்றாகத்தான் தெரிந்து வைத்திருந்தாய்.

ஏசியால் ஒன்றும் என் வேலை வேகமாகவில்லை. ஒரு வருஷமாக அது சீக்கிரம் சீக்கிரமாக முடிந்ததே, நீ எழுந்து போய்விட்டதால்தான். நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். வீட்டுக்குச் சீக்கிரம் போயிருக்கிறேன். பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். நிவேதா தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். நல்ல பெண்தான்.

அஞ்சன்தா வந்ததும் சொல்லிவிட்டேன், மெரூனில் இடமில்லை என்று. "ஏன்?" என்றார். "ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்கோம்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு உன் நாற்காலியைப் பார்த்தார், தன் மேசைக்குப் போய்விட்டார். நிவேதாவை மௌவின் ரோஸ் கார்டில் போட்டேன். ஆமாம், வேண்டுமென்றேதான்! இனிமேல் மதியத்துக்கு மேல் மௌவும் கொஞ்சம் இழுவையை அனுபவிக்கட்டும். நீ இருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாய். மௌ டீ குடிக்கப் போனதும் நிவேதாவின் காதருகே குனிந்து, "ரோஸ்தான் நல்ல கார்டு. யார்கிட்டயும் சொல்லாதே" என்றேன். அந்தப் பெண்ணின் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா? என் முகமும் அன்றைக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

உன் மஞ்சள் ஐகானை அழிக்கவில்லை. என் திரைக்கு மாற்றிக்கொண்டேன், மெரூனுக்குப் பக்கத்தில். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் வேலையை ஆரம்பித்துவிட்டு, அதையும் அழுத்தினேன். உன் கோபுரம், ஏழு கலசம், நீ போடாமல் விட்ட விளக்குகளை நான் நேற்றைய தேதிவரை தொடவில்லை. இன்று கீழ்நிலையில் ஒரு வரிசை மட்டும் போட்டேன். ஒரு நாளைக்கு ஒரு வரிசை போதும், அவசரம் இல்லை. நான் எதிர்பார்த்தபடியே என் வேலை பாதியில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. மௌவின் வேலை முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அவள்மேல் பொறாமையே வரவில்லை, நம்புவாயா? சரி, கொஞ்சம் வந்தது.

நிவேதா என் திரையை எட்டிப் பார்த்தாள். "அக்கா, உங்களுது மட்டும் ஏனுங்க இப்படி இழுக்குது?"

"வெயிலும்மா" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.